பீஷியாவின் கை

"இந்தப் பொம்பளை கைய வெச்சா மரம் கரியுது" என்றார் லியாவ், நான் கருவிப்பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே.

ஃபெங்யுவான் ஊரில் நாற்காலிக் கைப்பிடி செய்யும் பட்டறை அவருடையது. கைப்பிடியின் உள்வளைவைத் தேய்க்கும் சாண்டிங் மிஷின்தான் தகராறு. மேசை நடுவே ஒரு தண்டு, அதன்மேல் உப்புத்தாள் உறை. சுற்றிக்கொண்டே மேலும் கீழும் போய்வரும். பதினெட்டு வருஷமாக அதில் நிற்பவள் பீஷியா. ஒரு வாரமாக எல்லாக் கைப்பிடியிலும் கரிந்த தழும்பு.

திங்கட்கிழமையிலிருந்து மிஷினைத் தொடாதே, பெட்டி கட்டப் போ என்று சொல்லிவிட்டாராம். அதற்கு வீட்டுக்கே போகிறேன் என்று அவளும் சொல்லிவிட்டாள்.

"மாஸ்டர், மிஷின்ல கோளாறு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. போதும்" என்றார் லியாவ்.

"பாத்துட்டுத்தான் சொல்வேன்."

தண்டைக் கையால் சுற்றினேன். ஆட்டம் இல்லை. பேரிங்கில் காது வைத்தேன். இரைச்சல் இல்லை. மேலும் கீழும் ஒழுங்காகத்தான் போனது. உப்புத்தாளைத் தடவினேன். மரப்பிசினும் தூளும் அப்பி, கறுத்து, கண்ணாடி மாதிரி வழவழத்தது.

அழுத்தினால் அப்படித்தான் ஆகும் என்றார் லியாவ்.

புது உறை மாட்டினேன். பக்கத்தில் நின்ற பீஷியாவை விலகச் சொல்லி நானே தேய்த்தேன், பூனையைத் தடவுகிற மாதிரி. ஐந்தாவது கைப்பிடியில் கரிந்த வாசனை.

"இப்ப யாரு அழுத்தினது, முதலாளி?" என்றாள் பீஷியா.

காரணம் அழுத்தம் இல்லையென்றால், தூள் வெளியே போகவில்லை என்று அர்த்தம். மிஷினின் கீழ்க்கதவை வழக்கமாக என்னைப் போன்ற மெக்கானிக்குகள்தான் திறப்பார்கள். திறந்தேன். முழங்கால்வரை மரத்தூள் கொட்டியது. உறிஞ்சுகுழாயின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு பச்சைப் பொட்டலம்.

சோள நொறுக்குத்தீனி. மிஷின் சொன்ன பேச்சு கேட்க வேண்டுமென்று அதன் தலையில் வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். பச்சைப் பொட்டலம்தான் வைக்க வேண்டும். லியாவுக்கு இது ஆகாது. போன வருஷம் பட்டறையிலிருந்த பொட்டலத்தையெல்லாம் பொறுக்கி நாய்க்குப் போட்டவர். மிஷினுக்கு எண்ணெய் போடுங்க, தீனி போடாதீங்க என்று கத்தினாராம்.

மரம் அறுக்கும் மிஷினில் நிற்கும் ஆகுன் சிரித்தான். "பீஷியா அக்கா, தலையில வெச்சா தூக்கிப் போடுவார்னு வயித்துக்குள்ள வெச்சிட்டியா?"

அவள் தான் இல்லை என்றாள். யாரும் நம்பவில்லை. அவள் மிஷின், வேறு யார் வைப்பார்கள்?

லியாவைப் பார்த்தேன். முகம் காதுவரை சிவந்திருந்தது.

"அவ வெக்கல" என்றார். "அது வந்து..."

பொட்டலத்தைத் திருப்பி, மேலே எழுதியிருந்ததைப் படித்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"நான் வெச்சது" என்றேன். "போன தடவை சர்வீஸுக்கு வந்தப்ப. என் தப்புதான்."

மெக்கானிக்கே மிஷினைத் தீனி காட்டிக் கெஞ்சினால் நாங்கள் எங்கே போவது என்று ஆகுன் விழுந்து விழுந்து சிரித்தான். கேட்டுக்கொண்டேன்.

லியாவ் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. திங்கட்கிழமை சீக்கிரம் வா, கரிந்த கைப்பிடி அத்தனையும் மறுபடி தேய்க்கணும் என்று மட்டும் அவளிடம் சொன்னார். நீங்க ஒரு வாரம் திட்டினதையும் சேர்த்துத் தேய்ச்சிடறேன் என்றாள் அவள்.

வண்டியில் ஏறி, பொட்டலத்தை எடுத்து மறுபடி படித்தேன். வேண்டுதலைப் பொட்டலத்தின் மேலேயே மை பேனாவால் எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் கேட்டது யாரென்று மிஷினுக்குத் தெரியாது.

'பீஷியா விரல் பத்தும் அப்படியே இருக்கணும். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். - லியாவ்.'