காதுக்குள் வயர்

செபமாலை பாதியில் நின்றது. எல்மோ மகளின் காதையே பார்த்தார்.

“கிம், மாதாவுக்கு முன்னால முழந்தாளில நிண்டுகிட்டு காதுக்குள்ள என்ன வயர்?”

“பப்பா, அது வந்து...”

“பாட்டுத்தானே கேக்கிறாய்! இந்தப் போனாலதான் உன்ட அண்ணன் ஷோனும் கெட்டுப்போனவன். தன்னாமுனைக் கோயிலுக்குக் கூப்பிட்டா எரிஞ்சு விழுவான். கத்தாருக்குப் போனவன் எனக்கு ஒரு கோல் எடுத்தானா?”

“பிள்ளைய விடுங்க, செபம் முடியட்டும்” என்றாள் மனைவி டோறா.

“இதைத் தந்திட்டுச் சொல்லட்டும்.”

எல்மோ போனைப் பறித்தார். வயர் கழன்று கீழே விழுந்தது. ஒரு கையில் போனும் மறு கையில் செபமாலையுமாக, கோபம் தணியாமலே தொடங்கினார்.

“அருள் நிறைந்த மரியே வாழ்க...”

செபத்தின் மறுபாதியை டோறா தொடங்குமுன், அவர் கையிலிருந்த போன் சொல்லத் தொடங்கியது. ஷோனின் குரல்!

கிம் தலையைக் குனிந்தாள். “ஒவ்வொரு நாளும் எங்களோட சேர்ந்து சொல்றவர், பப்பா. உங்களுக்குச் சொல்லவேணாம் எண்டவர்.”

எல்மோ போனை மாதா சொரூபத்தின் காலடியில் மெல்லச் சாய்த்து வைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“மகள், வீடியோவைப் போடு. முழந்தாளில நிக்கிறானா எண்டு பாக்கணும்.”