வீட்டுக்காரர் கையெழுத்து

"இந்தச் சட்டையில ரெண்டு பொத்தானக் காணும். மேல ஒரு துண்டப் போட்டுக்கிடுங்க" என்று பதறினாள் இசக்கிச்செல்வி. "பேரு கேட்டா சங்கிலிபூதத்தான்னு முழுசாச் சொல்லணும். பாதிய முழுங்கிராதிய."

"அதெல்லாம் சொல்லிருவேன். நீ பதறாத" என்றார் அவர். தச்சநல்லூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். ஒரு நாள் கொத்தனார் கூலியை விட்டுவிட்டு வந்த மனுஷனுக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுக்கக்கூட அவளுக்குக் கை ஓடவில்லை.

வாயைத் திறந்தாலும் வம்பு, திறக்காவிட்டாலும் வம்பு. இவரை வைத்துக்கொண்டுதான் இன்றைக்குக் கரையேற வேண்டும்.

மகள் வடிவு பாளையங்கோட்டையில் நர்ஸிங் முதல் வருஷம் படிக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் நாற்பதாயிரம் கட்டாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பீடி சுற்றிச் சேர்த்ததெல்லாம் கல்லூரியில் சேர்க்கும்போதே கரைந்துவிட்டது. காதில் கிடந்த கம்மலும் அதோடு போயிற்று.

பாங்கில் போய்க் கேட்டாள். "நீங்க இதுவரைக்கும் எங்கயுமே கடன் வாங்கலியேம்மா. கம்ப்யூட்டர்ல உங்க பேர்ல ஒண்ணுமே இல்ல. எத நம்பிக் கொடுக்க?" என்றார்கள். யாரிடமும் பத்துப் பைசாவுக்குக் கை நீட்டியதில்லை என்று இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்தவள், அந்த ஒரே குற்றத்துக்காகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நல்ல நியாயம்!

கந்துவட்டிக்காரன் ஒரு கேள்வியும் கேட்காமல் தருவான். ஆனால் அவனிடம் வாங்கிய எதிர்வீட்டுக்காரி இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

மிச்சம் இருந்தது மகளிர் குழுக் கடன் ஒன்றுதான். அதற்கு நகை வேண்டாம், பழைய கடன் கணக்கும் வேண்டாம். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

வாசலில் பைக் வந்து நின்றது. கடன் கம்பெனியிலிருந்து ஹெப்ரான். உவரிப் பையன், இருபத்தைந்து வயசிருக்கும். அது பழைய ஓட்டு வீடு, வாசல் நிலை ரொம்பத் தாழ்வு. போன வாரம் முதல் தடவை வந்தபோது நெற்றியை இடித்துக்கொண்டவன், இன்று பத்திரமாகக் குனிந்து உள்ளே வந்தான்.

"அண்ணாச்சி இருக்காவளா? போன தடவ பாக்க முடியலியே."

"வேலைக்குப் போயிருந்தாவ சார். இன்னைக்கு உங்களுக்காகவே லீவு போட்டுட்டு இருக்காவ."

ஹெப்ரான் ஆதார் கார்டைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், மறுபடி கார்டைப் பார்த்தான். "போட்டோவுல மெலிஞ்சு இருக்கியளே அண்ணாச்சி."

"ஆதார் போட்டோவுல யாருக்கு சார் சொந்த மூஞ்சி இருக்கு?" என்றார் அவர்.

ஹெப்ரான் சிரித்துவிட்டான். இசக்கிச்செல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மக என்ன படிக்கா?"

"நர்ஸுக்கு. ரெண்டாம் வருஷம்."

"முதல் வருஷம் சார்" என்று குறுக்கே விழுந்தாள். "வேலை வேலைன்னு அலையுதாவ. இதெல்லாம் எங்க நெனப்புல இருக்கு?"

"பரவால்லக்கா. நான் என்ன படிச்சேன்னு எங்கப்பாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்றான் ஹெப்ரான், தாளிலிருந்து தலை நிமிராமல்.

கையெழுத்து முடிந்தது. "உள்ள வெளிச்சம் பத்தல. ரெண்டு பேரும் வெளிய வந்து ஜோடியா நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்" என்று அவன் முதலில் குனிந்து வெளியேறினான். பின்னாலேயே இசக்கிச்செல்வி, ஏதோ யோசனையில், தன்னால் குனிந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் 'மடேர்' என்று சத்தம்.

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிலைக்கு அடியில் நின்றார்.

"பாத்து வரக்கூடாதா? எத்தன தடவ சொல்லுதது!" என்று கத்தினாள். கோபம் மாதிரிதான் இருந்தது.

"ரொம்ப வலிக்கா அண்ணாச்சி?" என்றான் ஹெப்ரான்.

"சே, பழகின வாசல்தான" என்று சமாளித்தார் அவர்.

ஹெப்ரான் ஒரு நிமிஷம் நிலையைப் பார்த்தான். பிறகு போனை உயர்த்தி, "கொஞ்சம் சிரிங்க" என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டான்.

"நாளைக்கு மேனேஜர் ஒரு தடவ வீட்டுக்கு வந்து பாப்பாரு. அவரு சரின்னுட்டா வியாழக்கிழமை பணம் ஏறிரும்" என்றவன், பையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு நடந்தான்.

நாளைக்குமா? இசக்கிச்செல்வி இன்று ஒரு நாளைத் தாண்டிவிட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள். பைக் வரைக்கும் பின்னாலேயே ஓடினாள்.

"சார்... தடங்கல் ஒண்ணும் வராதுலா? வெள்ளிக்கிழமை கடைசி நாள். பிள்ள படிப்பு போயிரும் சார்."

ஹெப்ரான் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தான். வாசலில் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்ற அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். தெருவில் வேறு யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"அது யாரா இருந்தாலும் சரிக்கா, நாளைக்கு வாசல்ல குனிஞ்சு வரச் சொல்லுங்க."