மழை டப்பா

மலைமேல் தேயிலைத் தோட்டப் பள்ளியின் ராஜநாயகம் சார், வீட்டுக் கொல்லையில் டப்பா வைத்து மழையை அளப்பார். கீழே ரிங்லெட் ஊரில் பிலோமி டீச்சர் ஆற்றை அளப்பார். எவ்வளவு மழைக்கு ஆறு எவ்வளவு ஏறுகிறதென்று தினமும் காலையில் போனில் ஒப்பிடுவார்கள்.

இன்று சார் கத்தினார். “டப்பாவுல கொஞ்சந்தான் லா இருக்கு! ஆறு மட்டும் எப்படி கரையத் தொடும்? கதை விடாதீங்க, டீச்சர்!”

போனைப் பட்டென்று வைத்தார்.

“என்னங்க, சண்டையா?” என்றாள் மனைவி பார்பரா.

“பொய்க்கணக்கு சொல்றா. இனிமே அவளோட பேச்சே கிடையாது.”

“போனும் பண்ண மாட்டீங்களா?”

“மாட்டேன் லா!”

மாலையில் மழை கொட்டியது. பார்பரா குடையோடு கொல்லைக்குப் போனாள். டப்பா நிறைந்திருந்தது. இன்றுதான் அதில் பாதியைக் கீழே ஊற்றாமல், நிம்மதியாகத் திரும்பி வந்தாள்.