சோக்கேஸ் பீங்கான்

ஊர் வழக்கப்படி கலியாணத்தோடு வீட்டை மகள் நுஸ்ராவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போன றஸீனா, சோக்கேஸ் அலுமாரியின் சாவியை மட்டும் இன்னும் சீலைத் தலைப்பில் முடிந்துவைத்திருக்கிறாள். காத்தான்குடியில் மாலை அஸர் தொழுகை முடிந்த நேரம். வாவிப் பக்கத்து ஜன்னலால் வரும் வெயில் கண்ணாடிக்குள் புகுந்து, அவள் ஒவ்வொன்றாய்ச் சேர்த்த வெள்ளைப் பீங்கான் தட்டுகளின் விளிம்பில் ஓடும் நீலப் பூக்களில் படிகிறது. இதுவரை சோற்றின் சூடு அறியாத பீங்கான்கள். குசினியில் வட்டிலப்பம் ஆறுகிறது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது. "உம்மா, சாவியத் தாங்க. அவங்களுக்கு இதிலதான் வைக்கப்போறன்." "அது சோக்கேஸ் பீங்கான் மகள். திங்கிற பீங்கான் குசினிக்குள்ள கிடக்கு." நுஸ்ரா நீட்டிய கையோடு நிற்கிறாள். முடிச்சு இறுகிப்போயிருக்கிறது, றஸீனா அதைப் பல்லால் அவிழ்க்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் முன்னறையெங்கும் கரண்டிகள் பீங்கானில் உரசுகின்றன. ஒவ்வோர் உரசலுக்கும் கதவோரத்தில் நிற்கும் றஸீனாவுக்குப் பல் கூசுகிறது. நுஸ்ரா அவள் கையிலும் ஒரு பீங்கானைக் கொண்டுவந்து திணிக்கிறாள். தின்னத் தின்ன, வட்டிலப்பத்துக்கு அடியிலிருந்து ஒரு நீலக் குருவி முதலில் வாலைக் காட்டுகிறது, பிறகு சிறகை. றஸீனா அடுத்த வாயை மெதுவாக எடுக்கிறாள். வந்தவர்கள் போனதும் நுஸ்ரா சாவியைத் திருப்பி நீட்டுகிறாள். "நீயே வெச்சுக்க," என்கிறாள் றஸீனா, கரண்டியை நக்கிக்கொண்டே. "கழுவுறதும் இனி உன்ட வேலதான்."