எழுபத்திரண்டு

ஜன்னல் வெயில் விசைப்பலகையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுக்கடலில் இருக்கும் கணவனிடமிருந்து பேச்சும் இல்லை, படமும் இல்லை. அவன் கைக்கடிகாரம் அளந்து பதிவுசெய்த ஒரு கோப்பு மட்டும் கப்பல் மெயிலில் வந்திருக்கிறது. எதில் திறந்தாலும் வெறும் கிறுக்கல். அதனால் அவளே கணினியில் கட்டளைகளைத் தட்டும் டெர்மினலுக்கு ஒரு பிளகின், சின்னத் துணை நிரல், எழுதுகிறாள், கோப்பை பைட் பைட்டாகப் பிரித்து அவன் நாடித்துடிப்பை எண்ணாகக் காட்ட. ஓட்டிப் பார்க்கிறாள். நிமிடத்துக்குப் பதினெட்டாயிரத்துச் சொச்சம் என்கிறது திரை. துண்டு மடித்துக்கொண்டே எட்டிப் பார்க்கும் மாமியார், “என் பிள்ளை என்ன குதிரையா?” என்கிறார். “நான்தான் அத்தை, பைட் வரிசையைத் தலைகீழாப் படிச்சுட்டேன்.” இரண்டு பைட்டுகளை இடம் மாற்றுகிறாள். எழுபத்திரண்டு. அதை உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறாள். தன் மணிக்கட்டைத் தானே பிடித்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை. மாமியார் துண்டை வைத்துவிட்டு, எண்ணுக்குக் கீழே, அடுத்த கட்டளைக்காக விட்டு விட்டு மினுங்கும் கர்சரின் மேல் விரலை வைக்கிறார். “இதோ அடிக்குதே, இதுதானேம்மா?” அவள் எந்த விசையையும் தொடாமல், அதை அப்படியே அடிக்க விடுகிறாள்.