உருளை சுற்றவில்லை

எதிரே நின்றவனின் நெஞ்சைக் குறிபார்த்து உமாபதி சுட்டார். காகித மனிதன் லேசாக ஆடினான். ஓட்டை சரியான இடத்தில் விழுந்திருந்தது.

மறுபடி விசையை இழுத்தார். விரல் நகரவில்லை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தச் சின்ன ரிவால்வரின் உருளை சுற்ற மறுத்தது.

"க்யா ஹுவா, உமாபதி?" என்ன ஆயிற்று என்று கேட்டார் பின்னால் நின்ற அர்பாப். ஷார்ஜாவுக்கு வெளியே, பாலைவன ஓரத்தில் இருந்த அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பின் முதலாளி; அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"ஒன் மினிட், அர்பாப்."

உமாபதி உருளையைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினார். விரல் வலித்ததுதான் மிச்சம்.

புதிதாகப் பழக வருகிறவர்களுக்கு இந்த ரிவால்வர்தான் சரி என்று சிபாரிசு செய்தவர் உமாபதி. குண்டு சின்னது, உதைப்பு குறைவு, கை பயப்படாது. இதன் கழுத்து குறுகிய தோட்டா ரைஃபிளுக்குத்தான் லாயக்கு, ரிவால்வரில் போட்டால் உருளையை இறுக்கிவிடும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். போன வாரம் அவர் தனியாகச் சுட்டுப் பார்த்தபோது ஒரு தடவைகூட இறுகவில்லை.

"இதை நம்பியா இருபது வாங்கச் சொன்ன? இந்த மாசம் உன் விசா ரினியூவல் இருக்குல்ல?" அர்பாப் இந்தியில் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

உமாபதி மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டி உருளையைத் திறந்தார். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு விரலில் வழுக்கியது. முகர்ந்து பார்த்தார். நல்லெண்ணெய்.

வெடிக்கும் கணத்தில் கூடு விரிந்து, உருளையில் அது இருக்கும் குழியின் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் இருந்தால் பிடிப்பு கிடைக்காது. பின்னால் வழுக்கி, தகட்டில் முட்டி, உருளையை நிறுத்திவிடும். கழுத்து குறுகிய கூடு என்றால் இன்னும் மோசம்.

நேற்று ஆயுத பூஜை. கிளப்பில் இருந்த தமிழர்கள் சேர்ந்து துப்பாக்கிகளை மேசையில் பரப்பி, துடைத்து, பொட்டு வைத்திருந்தார்கள். குடும்பத்தோடு வந்து சுண்டல் வாங்கிப் போனார்கள். சுங்க அலுவலகத்தில் வேலை இழுத்துவிட்டதால் உமாபதி தீபாராதனைக்குத்தான் வந்து சேர்ந்தார்.

"துப்பாக்கி மேல தப்பில்லை, அர்பாப். உள்ள யாரோ எண்ணெய் விட்டிருக்காங்க."

"யாரு?"

உமாபதி சற்றுத் தயங்கினார். அர்பாப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஸ்டோர் சாவி அழகுமலைகிட்ட."

துப்பாக்கிகளைத் துடைத்துப் பூட்டி வைக்கிற அழகுமலையைக் கூப்பிட்டார்கள். ராமநாதபுரத்துக்காரர். உமாபதியைவிட வயதில் மூத்தவர்.

"எண்ணெய் விட்டது நீங்களா?" என்று கேட்டார் உமாபதி. இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது.

அழகுமலை அந்தக் கூட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு உமாபதியைப் பார்த்தார்.

"நான்தான் சார். சாவி என் கையிலதான இருக்கு."

குழிகளைத் துடைத்து உலர்த்தி மறுபடி சுட்டார்கள். ஆறு குண்டும் தடங்கல் இல்லாமல் போயின. அர்பாப் உமாபதியின் தோளைத் தட்டினார். இருபது ரிவால்வருக்கும் ஆர்டர் கொடுக்கச் சொன்னார். விசாவுக்கும் தலையாட்டினார்.

"அந்த ஆளுக்கு நாளைக்கே டிக்கெட் போடு. ஆயுதத்துல விளையாடறவன் எனக்கு வேண்டாம்."

"அர்பாப், சாமிக்காகப் பண்ணினது. தெரியாம..."

"கலாஸ்." பேச்சு முடிந்தது என்று கையை வீசிவிட்டு அர்பாப் நடந்தார்.

உமாபதி கார் வரைக்கும் பின்னாலேயே போனார். கண்ணாடி ஏறிவிட்டது.

அழகுமலையின் ரூமில் பெட்டி பாதி நிரம்பியிருந்தது. உமாபதி வாசலிலேயே நின்றார்.

"என்னை மன்னிச்சிடுங்கண்ணே," என்றார். இத்தனை நாளில் அவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

"விடுங்க சார். தை மாசம் மக கல்யாணம். எப்படியும் போகத்தான போறேன், முன்னாடியே போயி பந்தக்கால் நடுறேன்." அழகுமலை சிரிக்கப் பார்த்தார். "கல்யாணத்தை முடிச்சிட்டு இங்க வந்து கடனைக் கட்டலாம்னு இருந்தேன். அது என்னமோ ஆகட்டும்."

"நான் இன்னொரு தடவை பேசிப் பாக்கறேன்."

"வேணாம் சார். அப்புறம் உங்க மேல திரும்பும். உங்களுக்குப் பிள்ளைங்க படிப்பு இருக்கு." பெட்டியின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் மாட்டிக்கொண்டது. "மேடத்துக்கிட்ட மட்டும் இதைச் சொல்லாதீங்க. மனசு கஷ்டப்படுவாங்க."

உமாபதியின் மனைவி ஜெயபாரதி அடிக்கடி அவருக்குக் குழம்பு கொடுத்தனுப்புவாள். அதனால்தான் சொல்கிறார் என்று உமாபதி நினைத்துக்கொண்டார்.

சத்வாவில் இருந்த தன் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததுமே ஜெயபாரதி கேட்டாள். "சுட்டுதுங்களா?"

"சுட்டுது. விசாவும் ஓகே."

"முருகா!" அவள் பூஜை அலமாரியின் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நான் வேண்டிக்கிட்டது பலிச்சிருச்சு பாருங்க. உங்க துப்பாக்கி நல்லாச் சுத்தோணும்னு நேத்து ஆறு குழியிலயும் விளக்குல இருந்த எண்ணெயை விட்டேனுங்க."

"நீயா விட்ட?" என்றார் உமாபதி.

"அந்த அழகுமலை அண்ணன்தான் பாவம், ரூல்ஸ் ஒத்துக்காதுங்க மேடம்னு துணியும் கையுமா ஓடி வந்தாரு," என்று சிரித்தாள். "சாமி எண்ணெயைத் துடைக்கக் கூடாதுன்னு நான்தான் தடுத்துட்டேன்."