கால் சங்கிலி

"இந்தப் படத்தை இப்பவே கழட்டுங்க அம்மிணி!"

கைலாசம் போட்ட சத்தத்தில் பள்ளிக்கூட ஹாலே திரும்பிப் பார்த்தது. எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் சேலத்தில் நடந்த புகைப்படக் கண்காட்சி அது. தறிப்பட்டறை முதலாளிகள் நாலு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவர் சண்டைக்கென்றே வந்திருந்தார்.

சுவரில் இருந்த படத்தில், எலும்பும் தோலுமான ஒரு நெசவாளி தறிக்குழியின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். கணுக்காலில் சங்கிலி.

"கழட்ட மாட்டேன் சார்," என்றாள் படம் எடுத்த மெட்ராஸ்காரி சாரதாமணி.

"நீங்க பேரு வாங்கறதுக்கு எங்க ஊரு மானத்தைக் கப்பலேத்துவீங்களா? ஆளைக் கட்டிப்போட்டு நெய்யச் சொல்ற வழக்கமே இந்தச் சீமையில கிடையாதுங்க. முப்பது வருஷமா பட்டறை நடத்தறவன் சொல்றேன்!"

"நான் கண்ணால பார்த்துத்தான் எடுத்தேன்."

"பொய்யி! சங்கிலிய நீங்களே மாட்டிவிட்டு எடுத்திருக்கறீங்க!"

"ஆமாங்க, ஆமாங்க," என்றார்கள் கூட வந்தவர்கள். வேடிக்கை பார்த்தவர்களும் நெருங்கி வந்தார்கள். கைலாசத்துக்குத் தெம்பு கூடியது.

"மாட்டிவிட்டேன்னு எப்படிச் சொல்றீங்க?"

"தறியப் பத்தித் தெரிஞ்சவனை நீங்க ஏமாத்த முடியாதுங்க! கால்ல சங்கிலி போட்டா அவன் குழிக்குள்ள மிதிக்கட்டைய எப்படி மிதிப்பான்? ஒரு முழம் நெய்ய மாட்டான். இடுப்புலதான் போடோணும்!"

வேடிக்கை பார்த்தவர்கள் படத்தை விட்டுவிட்டுக் கைலாசத்தைப் பார்த்தார்கள்.

"நான் சொல்றது சரிதானுங்களே?" என்று கைலாசம் கூட்டாளிகள் பக்கம் திரும்பினார்.

நாலு பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்று, வேறு படங்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.